ஒழுகும் இடங்கள்

ரங்கூனில் விட்டு வந்தது ஐந்தாம் மாடி,
லிஃப்ட் கிடையாது, மாதம் நான்கரை லட்சம் கியாட்.
"மோல்மீன்தானே, பாதிக்குக் கிடைக்கும்" என்றார்கள் அலுவலகத்தில்,
மோல்மீனைப் பாராதவர்கள்.

ஆற்றோரச் சாலையில் மூன்றரை.
"காற்று சும்மா வரும்" என்றான் தரகன் கோ தெயின் ஹான்.
காற்றையும் சேர்த்துத்தான் மூன்றரை.
ஆறு மாதத்தை முன்னால் எண்ணி வைக்கவேண்டும்,
அவனுக்கு ஒரு மாதம்.
ஏழால் பெருக்கினேன்.
பால்கனியிலிருந்து மார்த்தபான் பாலத்தை
ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

ரப்பர் கம்பெனிக்குக் கணக்கெழுத மாற்றலாகி வந்தவள் நான்.
நோட்டில் கோடு போட்டுப் பத்தி பிரிக்காமல்
எனக்கு எதுவும் விளங்காது:
வாடகை, கிணறு, கரண்ட் வரும் நேரம், பைக் கூலி,
மழை நிற்கும் உயரம் — கணுக்காலா, முழங்காலா.

முபூனில் புதுக் கட்டடம், ஒன்றே முக்கால்.
சுண்ணாம்பு கூடக் காயவில்லை.
போக வர நாளொன்றுக்கு ஆறாயிரம்,
இருபத்தாறு நாளைக்குக் கூட்டிப் பார்த்தால்
மூன்றே காலைத் தாண்டிவிடுகிறது அந்த மலிவு.

சந்தைக்குப் பின்னால், கருவாட்டு வாடைக்கு மேலே,
இரண்டு அறை.
கரண்ட் நாலு மணி நேரம் வந்தால் எட்டு மணி நேரம் போகும்.
போன நேரமெல்லாம் கீழ்க்கடை ஜெனரேட்டர்
சுவரைப் பிடித்து உலுக்கும்.
ஒரு பல்லிகூடக் குடியிருக்கவில்லை.

பிறகு மலைச்சரிவில் ஒரு வீடு,
பகோடாவுக்கு ஏறும் படிகளின் பக்கம்.
தொலைபேசியில் நான் டோ தின்சா லிவின்,
பள்ளிக்கூடம் வைத்த பெயர், பிசிறில்லாத பர்மியம்.
"வாருங்கள், இரண்டு லட்சம், பம்ப்செட் உண்டு."
போனேன்.
கதவைத் திறந்தவர் என் பொட்டை வாசித்தார்,
மூக்குத்தியை வாசித்தார்,
"இப்போதுதான் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்."
வாசல் ஈரமண்ணில் எங்கள் செருப்புத் தடம் மட்டும்.

கோ தெயின் ஹான் பைக்கை உதைத்தான்.
மூன்று உதை. கிளம்பவில்லை.
அவன் காது சிவந்திருந்தது.
நோட்டில் இன்னொரு பத்திக்குக் கோடு போட்டேன்,
தலைப்பு எழுதவில்லை.

கடைசியாக ஹ்லைங்கில் ஒரு மரவீடு. தகரக் கூரை.
வீட்டுக்காரி மோன் பெண், மி குன் சான்.
அடுப்படியைக் காட்டவில்லை, கிணற்றைக் காட்டவில்லை,
நேரே விட்டத்துக்கு விரல் நீட்டினாள்:
"ஜூன் பிறந்தால் இங்கே ஒழுகும்.
அந்த ஆணிக்கு நேர் கீழேயும்.
இன்னோர் இடமும் உண்டு, எங்கே என்று மறந்துவிட்டது."
இரண்டே முக்கால்.
"ஒழுகுகிறதே, குறைக்கக்கூடாதா?"
"சொல்லாமல் இருந்தால் மூன்று கேட்டிருப்பேன்."

பெயர் கேட்டாள்.
எந்தப் பெயர் என்று என் வாய் கேட்டுவிட்டது.
"தெருவில் கூப்பிட்டால் எதற்குத் திரும்புவாயோ, அது."
வேதநாயகி.
மூன்று தரம் முயன்று "வேதா"வில் நிறுத்திக்கொண்டாள்.
வாடகையில் எதுவும் கழிக்கவில்லை.

பத்தொன்பதே கால் லட்சம்.
கம்பெனி காசாளரிடம் கைமாற்று வாங்கினேன்,
தரகுப் பணத்தைக் கோ தெயின் ஹான்
எண்ணாமல் சட்டைப் பைக்குள் திணித்தான்.

ஜூலை. இரவெல்லாம் கூரைமேல் யாரோ
நெல் கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.
காலையில் மூன்றாவது இடம் தெரிந்தது,
மேசைக்கு நேர் மேலே.
நோட்டு ஊறி, முபூனும் ஆற்றோரமும் சந்தையும்
நீலமாய் ஒன்றில் ஒன்று இறங்கியிருந்தன.
எந்தப் பத்திக்குத் தலைப்பில்லை என்று
இப்போது சொல்ல முடியாது.
எனக்குத் தெரியும்.

மேசையை நகர்த்தினேன்.
செலவு: பேசின் ஒன்று, நாலாயிரத்து ஐந்நூறு.
வேலிக்கு அந்தப் பக்கம் மி குன் சானிடம் சொன்னேன்.
"ஆமாம், ஆமாம்" என்றாள் துணி பிழிந்தபடி,
"அங்கேதான்."